கெடுக்காத கருவி

கேள்வி:

அண்ணா, நான் ஈரோட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் மாமாவின் ஸ்டுடியோவில் ஒரு கல்யாண வீடியோ மாட்டிக்கொண்டது. தாலி கட்டும் நேரத்தில் கேமரா பேட்டரி நின்றுபோய், பதிவான ஃபைல் எதிலும் திறக்கவில்லை. அதற்காகப் பைத்தானில் ஒரு சின்னக் கருவி எழுதினேன். வீடியோ கிடைத்துவிட்டது. மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியிட்டேன்.

இப்போது எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். "இறந்துபோன அப்பா கடைசியாகப் பேசியது இதில்தான் இருக்கிறது" என்று முழு வீடியோவையும் அனுப்பிவிடுகிறார்கள். பதில் போடாமல் படுத்தால் தூக்கம் வருவதில்லை. என்னிடம் இல்லாத கேமராக்களுக்கெல்லாம் ஆதரவு கேட்கிறார்கள். பெரிய ஃபைலுக்கு நகல் எடுக்க இடம் இல்லாதவர்களுக்காக 'அசல் ஃபைலிலேயே சரிசெய்' என்று ஒரு வசதி வைத்திருந்தேன். போன மாதம் ஒருவர் அதைப் பயன்படுத்திவிட்டு, "இருந்ததும் போச்சு" என்று கண்டபடி திட்டிவிட்டார். இதற்கிடையே இன்னொருவர் நல்ல கோட் எழுதி அனுப்புகிறார், கருவியின் கோட் இருக்கும் இணையக் களஞ்சியமான ரிப்போவுக்கு முழு அனுமதியும் கேட்கிறார். வீட்டில் கைக்குழந்தை. மதிய இடைவேளையில் ஆபீஸ் லேப்டாப்பில்தான் இதையெல்லாம் பார்க்கிறேன். நிறுத்திவிடலாமா? காசு வாங்கலாமா? கேட்பவரிடம் கொடுத்துவிடலாமா?

ஈரோடு வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த 'அசல் ஃபைலிலேயே சரிசெய்' வசதியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வார இறுதிவரை கூடத் தள்ளிப்போட வேண்டாம். திட்டியவர் பேசிய விதம் தவறு. ஆனால் அவர் சொன்னது நடந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். எம்பி4 ஃபைலின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம். அதில் தகவல் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். முதலில் 'எஃப்டைப்' என்ற சின்னப் பெட்டி. அடுத்து 'எம்டாட்'. படமும் ஒலியும் சுருக்கிய வடிவில் கிடக்கும் பெரிய பெட்டி இதுதான். எந்த ஃபிரேம் எங்கே தொடங்குகிறது, எத்தனை பைட், எந்த நேரத்துக்கு உரியது, எந்த கோடெக் (சுருக்கிய முறை) என்ற அட்டவணையெல்லாம் 'மூவ்' என்ற மூன்றாவது பெட்டியில் இருக்கும். பெரும்பாலான கேமராக்கள் ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் இந்த 'மூவ்' பெட்டியை எழுதுகின்றன. நடுவில் பேட்டரி நின்றால், பல ஜிபி படம் கார்டில் பத்திரமாக இருக்கும், அட்டவணை மட்டும் இருக்காது. பிளேயர் கைவிரிப்பது அதனால்தான். அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றிலிருந்து கோடெக் விவரத்தை எடுத்துக்கொண்டு, 'எம்டாட்' உள்ளே ஃபிரேம்களைத் தேடி, அட்டவணையைப் புதிதாகக் கட்டுவதுதான் உங்கள் கருவி செய்யும் வேலை. ஃபெடெரிகோ பொன்கியோ எழுதிய 'அன்ட்ரங்க்' கருவி போவதும் இதே வழியில்தான்.

இனி விபத்து எங்கே நடக்கிறது என்று பாருங்கள். பேட்டரி நின்றபோது 'மூவ்' மட்டும் விடுபடவில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் கார்டின் ஃபைல் சிஸ்டத்திலும் கடைசி நிமிடக் கணக்கு எழுதப்படாமல் போயிருக்கும். ஃபைலின் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், சில நேரம் பூஜ்யம் என்றே காட்டும். வீடியோவின் மீதிப் பகுதி எந்த கிளஸ்டர்களில், அதாவது கார்டின் எந்த இடத் துண்டுகளில், கிடக்கிறதோ, அவற்றை ஃபைல் சிஸ்டம் காலி இடம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் உங்கள் கருவி அசல் ஃபைலின் கடைசியில் ஒரு புது 'மூவ்' பெட்டியை ஒட்டுகிறது. ஃபைல் நீள்கிறது. நீண்ட பகுதிக்கு இடம் வேண்டும், ஃபைல் சிஸ்டம் 'காலி' கிளஸ்டர் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறது. அது பெரும்பாலும் மீட்க வேண்டிய வீடியோவின் அடுத்த துண்டாகவே இருக்கும். அட்டவணை சேர்ந்தது, படம் அழிந்தது. அந்த மனிதர் அழித்தது என்ன என்று எனக்குத் தெரியாது, ஆனால் கல்யாண வீடியோவாக இருந்தால் அந்த முகூர்த்தம் இன்னொரு தடவை நடக்கப்போவதில்லை. அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: அந்த வசதியை நீக்கிவிட்டோம், காரணம் இது, கார்டை அதற்குப் பிறகு பயன்படுத்தாமல் வைத்திருந்தால் முழு கார்டையும் அப்படியே இமேஜாக (பைட்டுக்குப் பைட் நகலாக) எடுத்து வைத்துக்கொண்டு, அதில் மிச்சத்தைத் தேடலாம் என்று.

நான் டேட்டா மீட்பு வேலையில் இருப்பவன். இந்தத் துறையில் இருக்கும் யாரும் எல்லா ஃபைலையும் மீட்டுத் தருவதாக வாக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. கொடுக்க வேண்டிய வாக்கு ஒன்றே ஒன்று: எங்கள் கைக்கு வரும்போது இருந்த நிலையைவிட மோசமாக்க மாட்டோம். இலவசக் கருவிக்கும் அதே வாக்குதான். ஜிபிஎல் உரிமத்தில் உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது, மூன்றாம் பதிப்பென்றால் 15, 16ஆம் பிரிவுகள். சட்டப்படி அது உங்களைக் காக்கும். ஆனால் உங்களுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் சட்டம் அல்லவே. ஒரு கருவியைப் பராமரிப்பதில் எது உங்கள் கடமை, எது இல்லை என்பதை இந்த ஒரு வாக்கை வைத்துப் பிரித்துப் பார்த்தால், நீங்கள் சுமந்துகொண்டிருப்பதில் பாதிக்கு மேல் இறக்கி வைக்கலாம்.

முதலில் கடமையில் சேர்வது. கருவி மூல ஃபைலை வாசிப்புக்கு மட்டுமே திறக்க வேண்டும். விளைவை எழுதும் இடம் அதே கார்டில் இருந்தால் வேலையைத் தொடங்கவே மறுக்க வேண்டும். பைத்தானில் இது சில வரி வேலை: மூல ஃபைலுக்கும் வெளியீட்டு ஃபோல்டருக்கும் ஓஎஸ்.ஸ்டாட் தரும் எஸ்டி_டெவ் எண் (எந்தச் சாதனத்தில் இருக்கிறது என்று காட்டுவது) ஒன்றாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். மூலம் கார்டு சாதனமாகவே கொடுக்கப்பட்டால் கூடுதல் கவனம் வேண்டும், அப்போது அதன் பார்ட்டிஷன்களையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். "எனக்கு வேறு டிஸ்க் இல்லை, பரவாயில்லை" என்று சொல்லிக் கடந்துபோக ஒரு ஆப்ஷன் வைக்கச் சொல்வார்கள். வைக்காதீர்கள். பதற்றத்தில் இருப்பவர் எந்தக் கேள்விக்கும் ஆமாம் என்றுதான் அழுத்துவார்.

வாசிப்புக்கு மட்டும் திறப்பது கருவிக்குள் நீங்கள் செய்யக்கூடியது. ஆபத்து கருவிக்கு வெளியிலும் இருக்கிறது. விண்டோஸில் கார்டைச் செருகினாலே 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற ஃபோல்டரை அது எழுதிவிடக்கூடும். பிறகு "இதை ஸ்கேன் செய்து சரிசெய்யவா" என்று கேட்கும். சரி என்று சொன்னால் செக்டிஸ்க் ஓடி, தொங்கலில் கிடந்த துண்டுகளை ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில் சிஎச்கே ஃபைல்களாகக் குவித்துவிடும். லினக்ஸில் இருப்பவர்கள் நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பார்கள். லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 உள்ள பார்ட்டிஷனை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தாலும், ஜர்னலில் (எழுதப்போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டில்) மிச்சம் இருந்தால் கெர்னல் அதை டிஸ்க்கில் எழுதி முடித்துவிட்டுத்தான் மவுண்ட் செய்யும். 'நோலோட்' என்ற ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுத்தால்தான் தொடாமல் விடும். அனுபவசாலிகளே இதில் சறுக்குகிறார்கள்.

அதனால்தான் முதலில் இமேஜ். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது, அந்தோனியோ டியாஸ் டியாஸ் எழுதியது. முதல் சுற்றில் சுலபமாக வாசிக்க முடிந்த இடத்தையெல்லாம் நகலெடுத்துவிடும். தகராறு செய்யும் இடங்களைக் கடைசியில்தான் தொடும். எங்கே எது வாசிக்கப்பட்டது என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கருவியோடு வரும் விளக்கக் குறிப்பான உங்கள் ரீட்மீ ஃபைலின் முதல் பத்தி கருவியை நிறுவுவது பற்றி இருக்கக்கூடாது. கார்டைக் கேமராவிலிருந்து எடு, பக்கவாட்டில் இருக்கும் லாக்கை நகர்த்து, முழு கார்டையும் வேறு டிஸ்க்கில் இமேஜாக எடு, அதற்குப் பிறகு இமேஜில் மட்டும் வேலை செய் என்று இருக்க வேண்டும்.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. இமேஜ் எடுத்த கணத்தில் அவசரம் போய்விடுகிறது. படம் இனி எங்கேயும் போகாது. நாளைக்கும் முயலலாம், அடுத்த வருடம் இன்னும் நல்ல கருவி வந்த பிறகும் முயலலாம். ராத்திரி உங்களுக்கு எழுதுகிறவர்களின் பதற்றத்துக்குப் பாதிக் காரணம் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற பயம். அந்தப் பயத்தை உங்கள் ரீட்மீயே போக்கிவிட்டால், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பதில் எழுதினால் போதும். நான் இப்படி ஒரு பதில் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்வேன்:

"வணக்கம். கார்டில் இனி எதுவும் எழுத வேண்டாம், கேமராவில் மறுபடி போட வேண்டாம். கணினி ஃபார்மேட் செய்யவா, சரிசெய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கீழே உள்ள முறையில் முழு கார்டையும் இமேஜ் எடுங்கள். அது முடிந்ததும் உங்கள் வீடியோ இப்போதைய நிலையிலேயே பத்திரமாக இருக்கும், அவசரம் இல்லை. இந்தக் கருவியை நான் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஃபைலையும் தனியாகப் பார்க்க என்னால் முடியாது. கருவி உதவவில்லை என்றால் கட்டண ஆய்வகம் ஒன்றை அணுகுங்கள், இமேஜை அவர்களிடம் கொடுக்கலாம்."

அப்பாவின் குரலைத் தேடி வருகிறவருக்கு இது கல்மனதாகத் தோன்றுமோ என்று யோசிப்பீர்கள். எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்களிடம் நான் கண்டது வேறு. முடியாது என்று முதல் நாளே சொன்னால் அழுதுவிட்டு வேறு வழி பார்ப்பார்கள். "பார்க்கிறேன், பார்க்கிறேன்" என்று மூன்று மாதம் இழுத்தபிறகு சொன்னால், அந்த மூன்று மாதமும் அவர்கள் இரண்டாவது தடவையாகத் துக்கம் காத்திருப்பார்கள். இழப்பு அவர்களுடையது, நீங்கள் உண்டாக்கியது இல்லை. கருவியைக் கொடுத்ததே நீங்கள் செய்த பெரிய உதவி.

முழு வீடியோவை அனுப்புகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதை நிறுத்த வேண்டும். வீட்டுப் பெண்கள், குழந்தைகள், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் இருக்கும் வீடியோ உங்கள் லேப்டாப்பில், அதுவும் ஆபீஸ் லேப்டாப்பில், இருப்பது அவர்களுக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. பிழை கண்டுபிடிக்க உங்களுக்குப் படம் தேவையே இல்லை. பெட்டிகளின் பெயர், அளவு, இருப்பிடம், கோடெக் தலைப்பு ஆகியவை போதும். 'அறிக்கை' என்று ஒரு கட்டளை சேர்த்து, இவற்றை மட்டும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலாக எழுதித் தரச் செய்யுங்கள். படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் கேமராவின் சீரியல் எண்ணும் மெட்டாடேட்டாவில் ஒளிந்திருக்கும், அவற்றை அறிக்கையிலிருந்து நீக்கிவிட வேண்டும். இதுவரை வந்த வீடியோக்களை அழித்துவிட்டு, அழித்துவிட்டேன் என்று அனுப்பியவர்களுக்குச் சொல்லுங்கள்.

அறிக்கை வைக்காத இஷ்யூவை (பிழைப் புகாரை) மூடிவிட உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உங்களிடம் இல்லாத கேமராக்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆதரவு கேட்கிறவரிடம் கேமரா இருக்கிறது. அதே செட்டிங்கில் ஒரு வெற்றுச் சுவரைப் பத்து விநாடி எடுத்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் உங்கள் மாதிரித் தொகுப்புக்குத் தரச் சொல்லுங்கள். மனிதர் இல்லை, குரல் இல்லை. தரத் தயாராக இல்லாதவருக்காக நீங்கள் ஊகத்தில் கோட் எழுத வேண்டியதில்லை. அப்படி எழுதினால் தப்பாகத்தான் போகும். கேமராவுக்குக் கேமரா மட்டுமல்ல, ஒரே கேமராவில் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) மாறினாலே ஒலித் துண்டுகளை அடுக்கும் வரிசை மாறிவிடுவது உண்டு. ஹெச்.264 முறையில் சுருக்கிய படத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் பெரும்பாலும் நான்கு பைட்டில் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடலாம். எம்பி4 உள்ளே ஏஏசி முறையில் சுருக்கிக் கிடக்கும் ஒலிக்கு அந்த மாதிரி அடையாளத் தலைப்பு எதுவும் இல்லை. உங்கள் கருவி தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். முழு வீடியோவோடு சேர்த்துச் சின்ன அளவுப் பிரதி ஒன்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் கேமராக்கள் வேறு இருக்கின்றன. அவற்றில் இரண்டு ஃபைலும் துண்டு துண்டாகக் கலந்து கிடக்கும். அதற்குத் தனிக் கருவியே வேண்டும், உங்கள் கருவியைப் போட்டு இழுக்காதீர்கள்.

எல்லையை எழுதி வைப்பதைப் பற்றி இன்னும் ஒன்று. போனின் உள் நினைவகத்தில் அழிந்ததை மீட்கச் சொல்லி வருவார்கள். ஆண்ட்ராய்டு 7 காலத்திலிருந்து ஃபைல் வாரியாகக் குறியாக்கம் வந்துவிட்டது, ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வரும் போன்களுக்கு அது கட்டாயம். எஸ்எஸ்டியில் அழித்தால், இந்த இடம் இனி வேண்டாம் என்று சொல்லும் டிரிம் கட்டளை போனபிறகு வாசித்துப் பார்த்தால் பெரும்பாலும் பூஜ்யங்கள்தான் வரும். ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் வந்தால் எந்த மென்பொருளும் தொடக்கூடாது, மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆய்வகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மென்பொருளால் மீட்பது இன்றைக்கும் நன்றாக வேலை செய்யும் இடங்களில் மெமரி கார்டு முக்கியமானது. உங்கள் களம் அது. அதில் நில்லுங்கள்.

அனுமதி கேட்பவர் விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அவர் நல்லவராகவே இருப்பார் என்று நினைக்கிறேன், பெரும்பாலோர் அப்படித்தான். ஆனால் 2024 மார்ச்சில் வெளியான எக்ஸ்இசட் விவகாரத்தை நீங்கள் இன்னொரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டும். லாஸே காலின் என்பவர் பல வருடம் ஏறக்குறைய தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்த சுருக்கல் கருவி அது. உடம்பும் மனமும் களைத்த காலத்தில், "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேர்" என்று சிலர் நெருக்கினார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக நல்ல கோட் அனுப்பிக்கொண்டே இருந்து இணைப் பராமரிப்பாளர் ஆனார். 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக உள்ளே நுழையும் வழி, வந்து சேர்ந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தோண்டியதால்தான் அது பெரும்பாலான சர்வர்களுக்குப் பரவுவதற்கு முன்னால் பிடிபட்டது.

உங்களுக்கு இதில் நேரடிப் பாடம் ஒன்று இருக்கிறது. அந்தப் பின்கதவின் கோட் ஒளித்து வைக்கப்பட்டிருந்த இடம் டெஸ்ட் ஃபோல்டர். பழுதான ஃபைலைக் கருவி எப்படிக் கையாள்கிறது என்று சோதிக்க வைத்ததுபோல இருந்த பைனரி ஃபைல்கள். பழுதான ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை அல்லவா? மீட்புக் கருவியின் டெஸ்ட் ஃபோல்டர் முழுக்கவே பழுதான ஃபைல்கள்தான். போதாக்குறைக்கு நம் கருவிகளை மக்கள் சூடோ போட்டு ரூட் அனுமதியோடு, அதாவது கணினி மீதான முழு அதிகாரத்தோடு, ஓட்டுகிறார்கள். அதனால் பழுதான பைனரிகளை யாரிடமிருந்தும் வாங்காதீர்கள், நல்ல நண்பரிடமிருந்தும்கூட. நல்ல மாதிரியை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவி கொண்டு உருவாக்கி, ஒரு ஸ்கிரிப்ட்டால் டெஸ்ட் ஓடும்போது வெட்டுங்கள்: 'மூவ்' பெட்டிக்கு முன்னால் ஒரு வெட்டு, 'எம்டாட்' நடுவில் ஒரு வெட்டு, இடையில் ஒரு பகுதியைப் பூஜ்யமாக்கி ஒன்று. எப்படிப் பழுதாக்கினோம் என்பது கோடிலேயே தெரியும், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். சுவர் வீடியோக்களையும் வாங்கியவுடன் நீங்களே திறந்து பார்த்து, பெட்டிகளைத் தவிர வேறு ஒட்டு எதுவும் இல்லை என்று உறுதி செய்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நண்பருக்கு என்ன கொடுக்கலாம்? முதலில் இஷ்யூக்களைப் பிரித்து வைக்கும் அனுமதி. சில மாதம் கழித்து, இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் கோட் சேரும் என்ற விதியோடு மெர்ஜ் அனுமதி. ரிலீஸை யாருடைய லேப்டாப்பிலிருந்தும் செய்யாமல், ரிப்போவில் இருக்கும் கோடிலிருந்து தானாகவே உருவாகும்படி வையுங்கள். எக்ஸ்இசட்டில் பின்கதவை இயக்கிவிட்ட பில்ட் ஸ்கிரிப்ட் ரிலீஸ் தொகுப்பில் மட்டும்தான் இருந்தது, ரிப்போவில் இல்லை. இந்த ஏற்பாட்டை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், விதி உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லுங்கள். உண்மையான ஆளுக்கு இது உறுத்தாது. அவசரப்படுத்தினால் அதுவே பதில்.

நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். நிறுத்தலாம், அது பாவம் இல்லை. நிறுத்தும் முறைதான் முக்கியம். எக்ஸ்ட்4 போன்ற ஃபைல் சிஸ்டங்களில் அழிந்ததை மீட்கும் எக்ஸ்ட்அன்டிலீட் என்ற கருவியின் கடைசி வெளியீடு 2013இல் வந்த 0.2.4. அதற்குப் பிறகு எக்ஸ்ட்4 மாறிக்கொண்டே வந்தது, ஆனால் இன்றைக்கும் யாராவது ஒரு பழைய கட்டுரையைப் பார்த்து அதை நிறுவிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மீட்புக் கருவிக்கு இது ஒரு தனித் தொல்லை: யாரும் முன்கூட்டியே வந்து பழகிப் பார்ப்பதில்லை, ஃபைல் போனபிறகு கிடைத்ததை எடுத்து ஓட்டுகிறார்கள். நீங்கள் போய்விட்டாலும் கருவி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நிறுத்துவதாக இருந்தால், முதலில் ஆபத்தான வசதியை நீக்கிய ஒரு கடைசி ரிலீஸ் விடுங்கள். பராமரிப்பு நின்றது, எந்தத் தேதிவரைக்கும் எந்தக் கேமராக்களில் சோதித்தது, மாற்று என்ன என்று ரீட்மீயின் மேலே எழுதுங்கள். பிறகு ரிப்போவை ஆர்கைவ் செய்யுங்கள், பார்க்க மட்டும் முடியும்படி. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் உங்கள் கருவியின் பேக்கேஜ் இருந்தால் அங்கே உள்ளவருக்கு ஒரு வார்த்தை. ஆள் இல்லாத பேக்கேஜ்களையும் தத்தெடுக்க ஆள் தேடும் பேக்கேஜ்களையும் பட்டியல் போட அங்கே முறையான ஏற்பாடு இருக்கிறது.

ஆனால் எனக்கென்னவோ நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை என்றுதான் படுகிறது. மெதுவாக நடத்தினால் போதும். இந்தத் துறையில் எல்லோரும் நம்பும் டெஸ்ட்டிஸ்க்கையும் ஃபோட்டோரெக்கையும் பாருங்கள், கிறிஸ்டோஃப் கிரெனியே 1998இல் தொடங்கியது. ஃபோட்டோரெக் 480க்கு மேற்பட்ட ஃபைல் வகைகளை அவற்றின் தொடக்க பைட்டுகளைப் பார்த்தே அடையாளம் காண்கிறது. அதன் 7.1 பதிப்பு 2019 ஜூலையில் வந்தது, அடுத்த 7.2 வந்தது 2024 பிப்ரவரியில். நடுவில் நாலரை வருடம். யாரும் அதைச் செத்த கருவி என்று சொல்லவில்லை. இந்த வகைக் கருவிக்கு மாதா மாதம் புதுப் பதிப்பு தேவையில்லை, ஓட்டினால் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் தேவை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஞாயிறு இரண்டு மணி நேரம் கொடுக்க முடிந்தாலே பெரிது. அதை ரீட்மீயில் எழுதிவிடுங்கள்.

காசு வாங்கலாம். கட்டற்ற மென்பொருள் என்றால் காசு வாங்கக்கூடாது என்பது தப்பெண்ணம், ஜிபிஎல் அதைத் தடுக்கவில்லை. ஆனால் ஃபைலுக்கு இவ்வளவு என்று நீங்கள் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. வாங்கிய கணத்தில் அது கருவியைப் பராமரிப்பது என்ற வேலையிலிருந்து மீட்பு சேவையாக மாறுகிறது. நேரக்கெடு, ரசீது, வரி, திரும்பத் தரச் சொல்லும் சண்டை எல்லாம் பின்னாலேயே வரும். ஸ்டுடியோக்காரர்களிடமும் ஆய்வகங்களிடமும் கேளுங்கள். அவர்கள் உங்கள் கருவியை வைத்துத் தொழில் நடத்துகிறார்கள், குறிப்பிட்ட கேமராவுக்கு ஆதரவு சேர்க்க அவர்கள் பணம் தருவதில் தவறே இல்லை. அப்படிச் சேரும் கோடும் எல்லோருக்கும் பொது. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் தொடங்கிய ஃப்ளாஸ் ஃபண்ட் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்குகிறது, ஒரு திட்டத்துக்கு 10 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் டாலர் வரை. பரவலாகப் பயன்படுபவற்றுக்குத்தான் முன்னுரிமை, உங்களுடையது அந்த அளவுக்கு வருமா என்று சொல்ல முடியாது. விண்ணப்பித்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

கடைசியாக, ஆபீஸ் லேப்டாப். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். உங்கள் கருவி வேலையின் பகுதி அல்ல என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அவர்களுடைய இயந்திரத்தில், அலுவலக வளாகத்தில் எழுதினால் பேச்சுக்கு இடம் உண்டாகும். நியமனக் கடிதத்தை எடுத்து அந்தப் பகுதியை ஒருமுறை வாசியுங்கள். எச்ஆரிடம் "இது என் சொந்தத் திட்டம்" என்று மெயிலில் தெரிவித்து ஒப்புதல் வாங்கி வையுங்கள். அதுவரை வீட்டு இயந்திரத்தில் மட்டும் வேலை செய்யுங்கள்.

நீங்கள் ஆதரவு சேர்க்க வேண்டிய கேமராக்களின் மாடல் பெயர்களை எழுதி அனுப்புங்கள். கல்யாண ஸ்டுடியோக்களில் புழங்கும் மாடல்கள் சில எங்கள் ஆய்வகத்தில் இருக்கின்றன. பொருந்துவது இருந்தால் ஃபர்ம்வேர் எண்ணோடு சுவர் வீடியோக்கள் எடுத்துத் தருகிறேன், விநாடிக்கு 25 ஃபிரேமில் ஒரு வீடியோ, 50 ஃபிரேமில் இன்னொன்று. ஒலிக்கும் இரண்டு விதம், ஏஏசியிலும் சுருக்காத பிசிஎம்மிலும். பெட்டிகளை நீங்கள் சரிபார்த்த பிறகே தொகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.